மூன்று துளைகள்

தம்பெரே சந்தையில் ஏப்ரல் சனிக்கிழமை.
ஓரத்துப் பனி இன்னும் அழுக்காய்க் கிடக்க
மடக்கு மேசையில் ஃபோன் உறைகளைப் பரப்பினேன்.

பைன் தண்டின் குறுக்குவெட்டைக் காட்டி
"தேவாலயத்துக் கண்ணாடியா?" என்றார் ஒருவர்.
பள்ளத்தாக்கு லில்லியின் கிழங்கைப் பார்த்து
"இது சிரிக்குது" என்றாள் ஒரு சிறுமி.
நஞ்சு என்று நான் சொல்லவில்லை.

பிறகு சைமி ருவோனா.
சிவந்த கண்கள், கசங்கிய காகிதக் கைக்குட்டை.
ஊதாப் பந்து ஒன்றை எடுத்து
வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
மூன்று துளைகள், மெல்லிய தோல்.
"எந்தக் கிரகம் இது?"

பிர்ச் மகரந்தம் என்றேன்.
ஒரு மில்லிமீட்டரில் நாற்பது பேர்
தோள் உரசி நிற்கலாம்.
எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு நிறம் தெரியாது;
அந்த ஊதா மட்டும்
இரவு இரண்டு மணிக்கு நான் சொன்ன பொய்.

தும்மினாள்.
வெறும் படத்துக்கே தும்மினாள்,
பக்கத்தில் ரத்த சாஸேஜ் விற்பவர்
இடுக்கியோடு திரும்பிப் பார்க்கும்படி.

"முப்பத்தொரு வசந்தமாய்
இதுதான் என் மூக்கைப் பிடித்து ஆட்டுகிறது.
முகத்தை இன்றுதான் பார்க்கிறேன்.
இவ்வளவு அழகென்று
டாக்டர்கூடச் சொல்லவில்லையே."

பதினெட்டு யூரோ.
பேரம் பேசவில்லை.
பழைய உறையை என் மேசையிலேயே
கழற்றிப் போட்டுவிட்டுப் போனாள்.

மே மாதம் டிராமில் கண்டேன் அவளை.
ஜன்னலுக்கு வெளியே
மரங்கள் மஞ்சளாய்ப் புகைந்துகொண்டிருந்தன.
அந்த ஊதாவைக் கன்னத்தில் சாய்த்து
மூக்கடைத்த குரலில்
யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்:
"சேச்சே, அழலை.
பூத்துடுச்சு, அவ்வளவுதான்."