கணக்கு உதைக்கிறது

தெற்குவாடிக்கு இப்போது
மின்வாரிய மீட்டர் பார்க்கும் கெபிஸ்தான் கோச்.
தற்காலிகம்.
அரையிறுதிக்கு ஆறு நாள் இருக்கையில்
லியோன் சாருக்கு மஸ்கட் விசா வந்தது.
விசிலைக்கூட விட்டுவிட்டுப் போகவில்லை.
தடைக்காலம் முடியும் மட்டும் கெபிஸ் பார்க்கட்டும்,
பிறகு படகும் போகும், பிள்ளைகளும் போவார்கள்
என்று சங்கத்தில் முடிவு.

நான் நண்டுக் கம்பெனியில் எடை போடுகிறவள்.
நோட்டின் முன்பக்கம் நண்டு,
பின்பக்கம் ஆட்டம்.
யார் அடித்தது, எத்தனையாவது நிமிடம்,
காற்று எங்கிருந்து.
எட்டு வருடத்துக்கு இருக்கிறது.
யாரும் கேட்டதில்லை.

மூக்கையூரோடு ஆடிய அன்று
முதல் பாதியில் ஒரு கோல் பின்னால்.
கச்சான் முகத்தில் அடித்தது.
தூக்கி அடித்த பந்தெல்லாம்
கடன் கொடுத்தவன்போலத் திரும்பித் திரும்பி வந்தது.
பிறகு காற்று சோழகத்துக்கு மாறியது.
கெபிஸ் எழுந்து கையை வீசி எதையோ கத்தினான்.
வலது ஓரத்துத் தடுப்பில் நின்ற ஜெரோன்
விட்டுவிட்டு நடுவே வந்தான்.
பின்னால் மூன்று பேர், நடுவில் ஐந்து.
பந்து மணலை விட்டு எழவே இல்லை.
ஐம்பத்தெட்டில் ஒன்று. எழுபத்தொன்றில் ஒன்று.

மறுநாள் கரையேற்றிய விசைப்படகின் நிழலில்
ஐஸ் கம்பெனி நம்புராஜன் ஆரம்பித்தார்:
"எவனும் ஆளை மாத்துவான்.
இவன் ஆட்டத்தையே மாத்திட்டான்யா."

டீசல் பங்க் சீனி இபுராகிம் விடவில்லை.
"ஒரே ஒரு மேட்ச்.
காத்து திரும்புனா வல்லமும்தான் திரும்புது,
அதுக்குப் பேரு மூளையா?"

"திரும்பத் தெரியாமக் கவுந்த வல்லமும் கெடக்கு மாமா."

"இறுதியில தொண்டிக்காரன். ஓரத்துல ஓடுறவன்.
மூணு பேரை வச்சிக்கிட்டு நின்னா
ஓரம் ரெண்டும் தாழ்ப்பாள் இல்லாத வீடு."

மணலில் கோடு கிழித்தார்கள்.
சோடா மூடிகள் நாங்கள், கிளிஞ்சல்கள் தொண்டி.
கோல்கீப்பராக வைத்த வடைத்துண்டைக்
காகம் கொத்திக்கொண்டு போனது.
"நம்ம கீப்பரும் இப்படித்தான்,
நிக்கச் சொன்ன இடத்துல நிக்க மாட்டான்."

தராசிலிருந்து நான் சொன்னேன்:
மூன்று வருடம் முன்னால் இதே மூக்கையூர், இதே காற்று,
நாலு கோல் வாங்கும்வரை
லியோன் சார் ஒருவனையும் நகர்த்தவில்லை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
இபுராகிம் மட்டும்
"நோட்டுல இருக்கா?" என்றார்.
இருக்கிறது என்றேன்.
"லியோன் மாத்தலைங்கறது இருக்கு.
கெபிஸ் மாத்துனான்னு எங்கம்மா இருக்கு?"

அந்தி சாய்ந்து ஷட்டர் இறக்குகிற நேரம்
கெபிஸ் வந்தான், கால் ஒடிந்த நண்டு அரைக்கிலோ வாங்க.
ஒடிந்ததுதான் விலை குறைவு.
கழுத்தில் வாரிய அடையாள அட்டை,
சட்டையெல்லாம் ஊர்வெயில்.
நான் கேட்காமலே சொன்னான்:
"உள்ள வராதேன்னுதான் கத்துனேன்.
'வா' மட்டும் அவன்கிட்ட போயிருக்கு.
மிச்சத்தைக் காத்து கொண்டு போயிருச்சு."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
நண்டைக் கட்டிக் கொடுத்தேன்.

அவன் போகவில்லை.
"படகடியில என்ன பேசிக்கிட்டாங்க?
நான் என்ன ஆட்டம் ஆடுனேன்னு சொல்றாங்க?"

நோட்டைப் பிரித்துக் காட்டினேன்:
மூன்று, ஐந்து, இரண்டு.
ஜெரோன் நடுவே. அம்புக்குறி.
பக்கத்தில் இபுராகிமின் தாழ்ப்பாள்.
மீட்டரில் எண் பார்க்கிறவன்போல
கண்ணைச் சுருக்கி இரண்டு முறை படித்தான்.
"ஓரத்தை யாரு பூட்டுறது?"
தெரியாது என்றேன்.
"ரெமியை இறக்கிப் பார்ப்பமா?"
அவனுக்கு இடது கால்தானே என்றேன்.
"இடது ஓரம்தானே."

பிறகு தாளைக் கிழித்துக்கொள்ளலாமா என்றான்.
கிழித்துக்கொண்டான்.

இறுதியாட்டம் ஞாயிற்றுக்கிழமை.
படகு நிழலில் இன்னும் அடங்கவில்லை,
மூளையா காற்றா என்று.
நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தாளின் முன்பக்கத்தில்
பதினாலு கிலோ முந்நூறு நண்டு இருந்தது.
யார் வல்லம் என்று நினைவில்லை.
மூன்று நாளாகக்
கணக்கு உதைக்கிறது.