ஜூன் பத்து

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில்
அச்சடித்த பதினாறு நிபந்தனைகளுக்குக் கீழே
பதினேழாவது நீல மையில் இருக்கிறது.
என் கையெழுத்துதான்.
இடம் போதாமல் ஓரத்தில் மடங்கி
மேலே ஏறுகிறது:

ஆறு மாதம் கழிந்தபின்
அறுபது நாள் முன்னறிவித்து
இரண்டு மாத வாடகை நட்டம் தந்து
குடியிருப்பவர் வெளியேறலாம்.

இதை எழுதியே ஆகணும் என்றபோது
அமலதாசன் மேசைக்கடியில் என் காலை மிதித்தான்.
பால் காய்ச்சுமுன்னே
காலி பண்ணுற பேச்சா என்று
லிஃப்டில் ஒன்பது மாடியும் முணுமுணுத்தான்.
வாடகை ஆபீஸ் ஷாநவாஸ் மட்டும்
"சேச்சி முன்னே எவிடே ஜோலி?" என்றார்.
இன்சூரன்ஸில், என்றேன்.
ஓ, என்று முத்திரையை வாயால் ஊதி
நீல வரியின் வாலையும் சேர்த்துக் குத்தினார்.

ஷார்ஜா, அல் நஹ்தா.
அடுக்களை ஜன்னலில் சாலைக்கு அப்புறம் துபாய்.
கை நீட்டினால் தொடலாம்,
வண்டியில் போனால் முக்கால் மணி நேரம்.

நாலு காசோலை கொடுத்தோம்.
ஒன்று அன்றைய தேதிக்கு,
மற்ற மூன்றும்
இன்னும் பிறக்காத நாட்களின் பெயருக்கு:
டிசம்பர் பத்து, மார்ச் பத்து, ஜூன் பத்து.
அவன் மளமளவென்று கையெழுத்துப் போட்டான்,
மொய்க் கவரில் பெயர் எழுதுவது போல.
நான் ஜூன் பத்து என்ன கிழமை என்று
செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் அவன் கம்பெனி
ஒரு மாடியை இழுத்துப் பூட்டியது.
அவன் அந்த மாடியில் இருந்தான்.

மார்ச் பத்தில் பணம் போனது.
அன்று மாலையே கடிதம் கொடுத்தேன்.
கட்டிட முதலாளியின் மருமகன்
கையால் எழுதினதெல்லாம் செல்லாது என்றார்.
ஷாநவாஸ் ஒன்றும் பேசவில்லை.
தன் பிரதியை எடுத்துத் திருப்பி வைத்து
முத்திரையின் மேல் ஒரு விரலை வைத்தார்.
மருமகன் தேநீர் குடித்து முடிக்கும்வரை
அந்த விரலை எடுக்கவில்லை.

ஐம்பத்தொன்பது. ஐம்பத்தெட்டு.
காலண்டரில் அடிக்கவில்லை,
அரிசி டப்பாவின் மட்டத்தில் தெரிந்தது.
புது மூட்டை வாங்காமல்
கடைசி வாரம் சேமியாவுக்கு இறங்கினோம்.
சோபாவை ஒரு பிலிப்பினோ தம்பதி
எழுபது திர்ஹாமுக்குத் தூக்கிப் போனார்கள்.
பிரிட்ஜுக்கு ஆள் வரவில்லை.
மாதா படம் மாட்டிய ஆணி ஓட்டையில்
வெள்ளைப் பற்பசை அடைக்கச் சொன்னான்
வாட்ச்மேன் மொஃபிசுல்.
அடைத்தேன்.
பார்வையிட வந்தவர்
சுவரை மோந்து பார்த்தார்.
நூற்றைம்பது பிடித்துக்கொண்டார்.

கரண்டு, தண்ணீர் பாக்கியில்லை என்ற சீட்டு,
சாவி மூன்று, பார்க்கிங் அட்டை ஒன்று.
வாடகை கட்டியும் வாழாத ஒரு மாதமும்
டெபாசிட்டும் நட்டத்தில் கரைந்தன.
மிஞ்சியது அந்தக் கடைசிக் காசோலை.
கவரில் போட்டு நீட்டிய ஷாநவாஸ்
இங்கேயே கிழிச்சிரலாம், என்றார்.
கைப்பையில் வைத்தேன்.

இன்று ஜூன் பத்து. புதன்கிழமை.
தேராவில் பெண்கள் அறை, ஆறு கட்டில்,
எனக்கு மேல்தட்டு.
விழித்ததும் செல்போனைத் துழாவினேன்.
வங்கியிலிருந்து செய்தி இல்லை.
போட்டிருந்தால் திரும்பி வந்திருக்கும்,
கணக்கில் நானூற்றுச் சொச்சம்தான்.
திரும்பும் காசோலைக்குப் பின்னால்
யார் யார் வருவார்கள் என்று
இந்த ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.
கூரை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது.
யாரோ முன்பு ஆணியடித்திருக்கிறார்கள்.

சோஹாரிலிருந்து அமலதாசன் குரல் அனுப்பியிருக்கிறான்.
கிரேன் சத்தம், பின்னால் ஹிந்தியில் யாரோ திட்டுகிறார்கள்.
அறை ஒன்று பார்த்துவிட்டானாம்,
நெருக்கினால் இரண்டு பேர் தங்கலாமாம்.
"எல்லாம் அரபியில இருக்கு.
கடைசிப் பக்கத்துல
கீழ கொஞ்சம் இடம் விட்டிருக்கான்.
என்ன எழுத, சொல்லு."