ஒழுகாத கொட்டகை

நாலாயிரத்து இருநூறு திருகாணி.
எண்ணிச் சொன்னவன் வெர்லின், முடுக்கியவனும் அவனே.
ஆலங்கட்டி புகாது, எலி புகாது,
டகோட்டாச் சமவெளிக் காற்று
தகரத்தில் முட்டித் திரும்பிப் போகும்.
அலைபேசிக் கோபுரத்துக்கும்
அதே மரியாதைதான் கிடைத்தது.

ஒன்பது மைலில், தானியக் குதிர்களுக்குப் பின்னால்
சிவப்பாய்க் கண்சிமிட்டி நிற்கிறது அது.
முற்றத்தில் மூன்று கோடு.
நிலைப்படி தாண்டினால் ஒன்று.
சமையல் மேடையருகே
எனக்கும் உலகத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

என் பிழைப்போ மாட்டு ஏலம்.
திரையில் வருகிறவர்களின் கேள்வியை
ஏலக்காரர் காதில் போடுவது.
அக்டோபரில், முப்பத்தாறு கறுப்புக் கிடாரிகள்,
மொன்டானாக்காரர் ஒருவர் விலையை ஏற்றிய நேரம்
நான் வாய் திறந்தபடி உறைந்து நின்றேனாம்
நாற்பது நொடி.
கிடாரிகள் வேறு லாரியில் ஏறிவிட்டன.

பெட்டியை ஜன்னலில் வைத்தோம்.
கண்ணாடியில் வெயில் தடுக்கும் பூச்சு, அதுவும் உலோகம்.
ஃபிரிட்ஜ் மேல் வைத்தோம். ஏணி உச்சியில் கட்டினோம்.
சுவருக்குள் வெள்ளித்தாள் போர்த்தியது
அவனுக்கு நினைவிருந்தது,
சொல்லவில்லை.

டிராக்டர் நுழையும் பெரிய கதவைத் தூக்கினால்
எல்லாம் ஓடியது.
அப்படியே ஓட்டினோம் ஜனவரி வரை.
பூஜ்யத்துக்கு இருபது கீழே.
கோட்டு, கையுறை, காதுமூடித் தொப்பி,
என் மூச்சுப் புகை திரையில் தெரிந்ததாம்.
இந்த முறை படம் உறையவில்லை,
நான்தான்.
கேஸ் பில்லை அவன் மேசைமேல்
கவிழ்த்து வைத்தான்.

"ஒரு துளை போடு, வெர்லின்."
"துளை போட்டா ஒழுகும், ட்வைலா."
அந்த வாரம் பேசியது இவ்வளவே.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்தால்
கூரை விளிம்பில் ஒரு கம்பம்,
நுனியில் வெள்ளைத் தட்டு, குதிர்களைப் பார்த்தபடி.
சுவரில் முக்கால் அங்குலத் துளை,
ரப்பர் வளையம், அதைச் சுற்றிப் பசை, பசைமேல் பசை.
கேபிள் நேராக உள்ளே போகவில்லை,
ஒரு முழம் கீழே தொங்கி, வளைந்து, ஏறி நுழைந்தது.
தண்ணி வளைவிலேயே சொட்டிடும், என்றான்.
அவன் கூப்பிட்டுக் காட்டியது
அந்த வளைவை மட்டும்.

மைனஸ் நூற்றுப் பதினெட்டு
மைனஸ் எண்பத்தேழாயிற்று.
இந்தக் கணக்கில் சிறியதுதான் பெரியது என்று
எனக்குப் பாடம் வேறு.

செவ்வாய்க்கிழமை, கதவை மூடி,
இருநூற்றுப் பத்து மாடு விற்றோம். காலில் செருப்புகூட இல்லை.

மார்ச்சில் முதல் மழை.
நடு இரவில் டார்ச்சோடு எழுந்து போனான்.
துளையைச் சுற்றி விரல் தடவும் சத்தம்
படுக்கைவரை கேட்டது.
"காய்ஞ்சு கிடக்கு" என்றான் வந்து,
கொஞ்சம் ஏமாந்தவன்போல.