நனை என்றொரு வினைச்சொல்

நாற்பத்தொரு அறை கட்டினேன்,
மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட்டுக்கு எடை ஏற்றும்
அதே கணினியில்,
கடையடைத்த பிறகு,
முதலாளிக்குத் தெரிந்தும் தெரியாமலும்.
படம் இல்லை, ஓசை இல்லை.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:

"கருங்கலுக்குக் கடைசி பஸ் போய்விட்டது.
மேம்பாலத்தின் அடியில் நிற்கிறாய்.
பக்கத்தில் ஒரு குடை கிடக்கிறது.
மழை.
என்ன செய்கிறாய்?"

அவ்வளவுதான் தொடக்கம்.
மீதி நாற்பதில்
பூட்டிய தேன்கடை உண்டு,
குழித்துறை ஆற்றின் படித்துறை உண்டு,
சாவியை விழுங்கிய நாய் ஒன்று உண்டு.
முடிவுகள் மூன்று.
மூன்றாவதை எழுதிய இரவு
எனக்கே கண் கலங்கிற்று.
அதை இன்றுவரை ஒருவரும் எட்டவில்லை.

முதலில் ஆடியவள் பெனில்டா,
பக்கத்து மருந்துக்கடை.
"சாயா குடி" என்று அடித்தாள்.
புரியவில்லை, என்றது விளையாட்டு.
"சாயா வாங்கு."
புரியவில்லை.
"சாயாக்கட எங்க இருக்கு?"
புரியவில்லை.
"ஒனக்கு என்னதாம்டீ புரியும்?"
இதைத் திரையிடம் அல்ல,
என்னிடம் கேட்டாள்.

குடை என்றுதான் அதற்குச் சொல்லிவைத்திருந்தேன்.
வந்தவர்கள் குடையை என்றார்கள்,
குடைய என்றார்கள்,
கொடை என்று அடித்தான் ஷைஜு.
எடு ஒன்றைத்தான் எழுதியிருந்தேன்;
எடுத்துக்கோ, எடுக்கேன், எடுலே என்று
அந்த ஒரு சொல்லின் சொந்தக்காரர் அத்தனை பேரும்
வாசலில் வந்து நின்றார்கள்.
வேற்றுமை எட்டையும் ஒப்பித்து
பள்ளியில் பேனா பரிசு வாங்கியவள் நான்.
ஐ என்கிற ஓரெழுத்து
என்னை மூன்று வாரம் உட்கார வைத்தது.

அது சரியானதும்
எடுத்த குடையை மறுபடி எடுத்தான் ஷைஜு.
விளையாட்டு மறுபடி கொடுத்தது.
பதினேழு குடையோடு மேம்பாலத்தடியில் நின்றுகொண்டு
"கட போட்டுரலாம் போல" என்றான்.
ஒன்றை விட்டு மீதியைப் பிடுங்கும்போது
அவன் முகம் ஞாபகம் வந்தது.

ரெமிஜியூஸ் ஆடியது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
தேங்காப்பட்டணம்; பெனில்டாவின் கொழுந்தன்.
இருபது நாள் ஆழ்கடலில் கிடந்து
முந்தின நாள்தான் கரையேறியவன்.
சாவி தேடவில்லை. படித்துறைக்குப் போகவில்லை.
"நனை" என்று அடித்தான்.
புரியவில்லை.
"காத்திரு."
புரியவில்லை.
"காத்திரு."
புரியவில்லை.
பதினொரு தடவை,
கொஞ்சமும் கோபமில்லாமல்,
வலையை இறக்கிவிட்டு இருப்பவனைப்போல.
பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சொன்னான்:
"மழ பெய்யுதுன்னு எழுதியிருக்கிய.
நனையவும் முடியாது, அது தோரவும் தோராது.
பின்ன எதுக்கு மழ?"

அன்றிரவு நாற்பது அறையையும் பூட்டினேன்.
அழிக்க மனம் வரவில்லை.
நாயிடம் மட்டும் இரண்டு வார்த்தை சொன்னேன்.
மேம்பாலத்தடி ஒன்றே மிச்சம்.
அதில் நனை வைத்தேன்.
காத்திரு வைத்தேன்:
முதல் தடவை வாழைக்குலை ஏற்றிய லாரி போகும்,
இரண்டாம் மூன்றாம் தடவை ஒன்றுமே நடக்காது
(அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது),
நான்கில் காற்று திரும்பும்,
ஐந்தில் மழை தோரும்,
ஏழில் சாயாக்கடைக்காரர்
ஷட்டரைப் பாதி தூக்குவார்.
புரியவில்லை என்று இருந்த இடத்திலெல்லாம்
"எனக்கு அது இன்னும் தெரியாது" என்று மாற்றினேன்.

நேற்று பெனில்டா வந்தாள்.
ஏழு தடவை பொறுத்திருந்து
சாயா குடித்தாள்.
குடித்துவிட்டு
"காசு கொடு" என்று அடித்தாள்.

காசு எழுதியிருக்கவில்லை நான்.