மலைப்பாதை தனி

சங்கரன்கோவிலில் ஏற்றிய கேந்தி முந்நூறு கிலோ,
வாடாமல்லி எண்பது,
மேலே நனைத்துப் போர்த்திய சாக்கு.
அத்தத்துக்கு முந்தின ராத்திரி.
புளியரை வளைவுகளில் முக்கி முக்கி ஏறிய குட்டியானை
கோட்டைவாசலில்
டக் என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றது.
கிளட்ச்.

முன்சக்கரம் கேரளத்தில்.
பின்சக்கரம் தமிழ்நாட்டில்.
என் வயிறு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பாலிசிக் கவரில் அட்டை இருந்தது, பளபளவென்று.
சிரிக்கும் குடும்பம், சிவப்புக் கார்,
'எங்கும் எப்போதும்' என்று ஒரு வாக்கு.
முந்தின வருஷம் நூறு கிலோமீட்டர் இலவசமாக இழுப்பார்கள்.
இந்த வருஷம் இருபத்தைந்து.
பிரீமியம் மட்டும்
யாரும் இழுக்காமலே மேலே ஏறியிருக்கிறது.

"முதல்ல, நீங்க பாதுகாப்பா இருக்கீங்களா சார்?"
என்றது ஒரு பெண்குரல்.
யானை இறங்குற இடம்மா, என்றேன்.
அதற்கு எண் நான்கை அழுத்தச் சொன்னது.

"லொகேஷன் கேரளா காட்டுது சார்.
உங்க பிளான் தமிழ்நாடு மட்டும்.
ஏப்ரல்ல மாத்திட்டோம், மெசேஜ் வந்திருக்குமே."

வந்திருக்கும்.
ஆடித் தள்ளுபடிக்கும் லோன் வேணுமாவுக்கும் நடுவில்
எங்கேயாவது ஒடுங்கிப் படுத்திருக்கும்.

நியூட்ரலில் தட்டினேன்.
ஜன்னல் வழியே ஒரு கை ஸ்டியரிங்கில்,
தோள் கதவில்,
கண் பின்னால் இருட்டில்.
இருபதடி உருண்டு இறங்கியதும் சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன்.
இப்போது முழுசாகத் தமிழ்நாடு.
மறுபடி அழைத்தேன்.

"வருஷத்துக்கு ரெண்டு அழைப்புதான் சார்.
ஒண்ணு ஏற்கெனவே யூஸ் பண்ணிட்டீங்க."
எப்போ?
"பதினோரு நிமிஷம் முன்னாடி."

மூணே முக்காலுக்கு வந்தது மீட்பு லாரி.
செங்கோட்டையிலிருந்து அல்ல, ஆரியங்காவிலிருந்து.
ஓட்டுபவன் பெயர் ரெஜிமோன். காதில் செருகிய பீடி,
கையில் அவனுக்கே கூச்சம் தருகிற ஒரு ரசீதுப் புத்தகம்.

மலைப்பாதை தனி. ராத்திரி தனி.
சரக்கோடு இருந்தால் அது தனி.
மாநிலம் கடந்ததற்குத் தனி,
கடந்து வந்தவன் அவன்;
கடக்காமல் இருக்கத்தானே நான் பின்னால் உருண்டேன்?
கொக்கி மாட்ட ஐநூறு,
கழற்ற ஐநூறு.
மாட்டினால் கழற்றத்தானே வேணும், என்றேன்.
"கம்பெனி பறயுந்நது, அண்ணா."
ஏழாயிரத்து நானூறு.
மொத்தப் பூவையும் புனலூரில் நல்ல விலைக்குத் தள்ளினாலும்
எனக்கு நிற்பது மூவாயிரம் சொச்சம்.

கத்த வாயைத் திறந்தேன்.
அவன் போனைத் திருப்பிக் காட்டினான்:
அவன் கைக்கு ஆயிரத்து நூறு,
டீசல் உள்பட,
நாற்பத்தைந்து நாள் கழித்து.
அந்த வெளிச்சத்தையே ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்,
ஒரே பிள்ளையின் காய்ச்சலைப் பார்ப்பவர்கள் மாதிரி.

பிளான்படி, தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டுபோகலாம்.
செங்கோட்டை.
பூ போகவேண்டியது இந்தப் பக்கம்,
பூவைச் சுமந்த வண்டி அந்தப் பக்கம்.
"பூவு எந்து செய்யும்?" என்றான்.
போகிற காய்கறி லாரி ஒன்றைக் கைகாட்டிப் பார்த்தான்.
நிற்கவில்லை. இன்னொன்றும் நிற்கவில்லை.
ஆறு மணி தாண்டினால் கேந்திக்குப் பாதி விலை,
எட்டு தாண்டினால் மாட்டுக்கு.

லாரியின் முதுகில் குட்டியானை,
அதற்குள் என் சீட்டில் நான்.
ரெஜிமோன் பக்கத்தில் இடம் இருந்தது, மனசு வரவில்லை.
கீழே புளியரை வயல்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன.
பின்னால் சாக்குக்கு அடியில் பூ
சூடாகி மூச்சுவிடும் வாசனை.
எஸ் வளைவு வந்தது.
கட்டிப்போட்ட சக்கரங்களுக்கு மேல்
ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன்,
அப்புறம் வலப்பக்கம்.
ஹாரன்கூட ஒரு தடவை.

இதுக்கு எவ்வளவு என்று
இன்னும் யாரும் சொல்லவில்லை.