கந்தோர் நாளில் தண்ணீர்

கந்தோருக்குப் போகிற நாளென்றால்
முந்தின இரவு எட்டு மணியோடு
தண்ணீரை நிறுத்திவிடுவேன்.
நோன்பில்லை, நேர்த்தியுமில்லை.
அங்கே கழிப்பறைக்கு மூன்று படி.
கதவு என் சக்கரங்களைவிட
நாலு விரல் குறுகல்.

ஜம்பட்டா வீதியில்
லொறிகளுக்கு வழிவிட்டு நிற்கிற நஸ்லிம்
நாற்காலியை மடித்துத் த்ரீவீலின் பின்னால் கட்டுவான்.
"இன்டைக்கும் அதே கவுண்டரா அக்கா?"
அதே கவுண்டர்தான்.
ஒன்பது மாதமாய் என் கொடுப்பனவு
மேசைக்கு மேசை நடந்துகொண்டிருக்கிறது.
நடக்கக் கொடுத்துவைத்த காசு.

கவுண்டர் நோனா நல்லவள், பொய் சொல்லக்கூடாது.
ஒருமுறை தன் மின்விசிறியை
என் பக்கம் திருப்பிவைத்தாள்.
படிவம் அவள் எழுதியதல்ல.
ஊனம் நிரந்தரமானதா
என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறது படிவம்.
ஆம் என்று ஒவ்வொரு வருடமும் எழுதுகிறேன்,
சிங்களத்தில், எழுத்துக்கூட்டி.

கால்மணிக்கு ஒருதரம்
கையூன்றி உடம்பைத் தூக்கச் சொல்லித்தந்தார்கள்
கிளினிக்கில்.
வரிசையில் முழங்கை நீட்டவே இடமில்லை.
இரண்டு மணிக்கு வீடு வந்து பார்த்தால்
உட்காரும் எலும்பின் மேல்
ரூபாய்க் குற்றியளவு சிவப்பு.
அங்கே எனக்கு உணர்ச்சி கிடையாது.
கண்ணாடி பிடித்துத்தான்
என் வலியை நான் கண்டுபிடிக்கிறேன்.

மூத்திரத்தில் கிருமி, இந்த வருடம் மூன்றாந்தரம்.
பேனையைக் கீழே வைக்காமல் டொக்டர் கேட்டார்:
"தண்ணி குடிக்கிறதில்லையா?"
கட்டடம் விடுவதில்லை, டொக்டர்.
சொல்லவில்லை. குளிசைத் துண்டை வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை, கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில்
எங்கள் கூட்டம். பதினொரு பேர்,
ஆறு சக்கர நாற்காலி, இரண்டு வெள்ளைப் பிரம்பு,
யாரோ கொண்டுவந்த மாலுபாண்.
இமெல்டா மகன் ஷெல்டனோடு வந்திருந்தாள்.
அவனைப் பள்ளியில் சேர்க்க
இரண்டு வருடம் கடிதம் எழுதியிருக்கிறோம்.
மூன்றாம் மாடி வகுப்பை
அதிபர் கீழ்த்தளத்துக்கு இறக்கித் தந்தபோது
பொன்னாடைகூடப் போர்த்தினோம்.
"கணக்கில எண்பத்தாறு" என்றாள் இமெல்டா.
"தண்ணிப் போத்தல் மட்டும்
நிறைஞ்சது நிறைஞ்சபடி திரும்பி வருது."

மாலுபாண் பையின் சரசரப்பு நின்றது.
"நானுந்தான்" என்றாள் ஹுசைமா.
வங்கியில் வேலை, சனிக்கிழமையும் டை கட்டும்
மயூரப்பிரியன்
சுவரைப் பார்த்துச் சொன்னான்:
"பதினாலு வருசம்."

சாய்தளம் கேட்டிருக்கிறோம்.
கொடுப்பனவைக் கூட்டக் கேட்டிருக்கிறோம்.
பிரெயில் புத்தகம், பரீட்சையில் அரைமணி கூடுதல்,
சபையில் சொல்லக்கூடியதையெல்லாம் கேட்டுவிட்டு
இதை மட்டும்
ஆளுக்கொரு சிறுநீரகத்தில்
ஒளித்துவைத்திருந்தோம்.

கடிதத்தை ஷெல்டன் எழுதினான்.
கக்கூஸ் என்றே போடலாம்,
தமிழிலும் சிங்களத்திலும்
ஏறக்குறைய ஒரே சொல்தானே என்றான்.
மயூரப்பிரியன் அதை வெட்டிச்
சுகாதார வசதிகள் என்று திருத்தினான்.
ஹுசைமா அதையும் வெட்டிக்
கக்கூஸ் என்று பெரிதாய் எழுதினாள்.

திங்கட்கிழமை.
நஸ்லிமோடு இன்னும் நாலு த்ரீவீல்.
ஷெல்டன் பள்ளிக்கு லீவு.
கந்தோர் வாசலில்
எல்லோரும் பார்க்கப் போத்தலைத் திறந்தோம்.
எட்டு மணிக்கு நான் குடித்த தண்ணீர்
எவ்வளவு குளிர்ச்சி என்று
இப்போதும் நாக்குக்குத் தெரியும்.

ஒன்பதேகாலுக்குக் கவுண்டரில் கடிதத்தை நீட்டினேன்.
நோனா வாசித்தாள்.
எழுந்து வெளியே வந்து
தானே தினமும் ஏறி இறங்குகிற
அந்த மூன்று படியையும்
விரலால் தொட்டு எண்ணாத குறையாய்ப் பார்த்தாள்.
மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்றாள்,
நிதி ஒதுக்க வேண்டும், அடுத்த வருடம்
பார்க்கலாம் என்றாள்.

எழுதுங்கள் நோனா, ஆறுதலாய் எழுதுங்கள்.
ஆனால் எனக்கு இப்போது வருகிறது.
எனக்குப் பின்னால்
இன்னும் ஐந்து பேர்.