வாழாவெட்டிக்கு எட்டு எழுத்து

பீல் நகரத்துச் சின்னத் திரையரங்கில்
மார்ச் மாதம், ஒரு வெள்ளி இரவு, அந்தப் பழைய படம்.
வசனவரி எழுதுவது நான்.
மேலே பிரெஞ்சு, கீழே ஜெர்மன்,
மொழிக்கு ஒரு வரி, வரிக்கு முப்பத்தேழு எழுத்து.
ஆறு நொடிக்குள் ஒரு பெண்
இரண்டு மொழியில் அழுது முடிக்க வேண்டும்.

வாழாவெட்டி என்றால் என்ன, கேட்கிறாள் ரெகுலா.
புருஷனை விட்டு வந்தவள்.
கேலியா, இரக்கமா?
ஒரே வாயில் இரண்டும்.
பிரிந்தவள் என்று போட்டோம்.
ஜெர்மனில் எட்டு எழுத்து, பிரெஞ்சில் ஏழு.
வெட்டி எங்கே விழுந்தது என்று
அரங்கில் யாரும் குனிந்து தேடப்போவதில்லை.

புரட்சிப் படம் என்றார்கள் அந்நாளில்.
கடைசியில் அவள் பெட்டியோடு படியிறங்குவாள்,
மழை பெய்யும், விசில் பறக்கும்.
எனக்கோ அது இப்போது ஓர் அட்டவணை.
ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு வரிகள்.
அதில் அவள் பேசுவது முன்னூற்று எண்பத்தெட்டு,
அதில் மன்னிப்பு நாற்பத்தொன்று.
அவளுடைய விடுதலையைப் பேசுவது ஒரு வக்கீல்,
நான்கு நிமிடம், மூச்சு விடாமல்.
அவள் தலையாட்டுகிறாள்.
தலையாட்டலுக்கு வசனவரி கிடையாது.

அறை விழுகிற காட்சியை
இருபது தடவை நிறுத்திப் பார்த்தேன்.
கேமரா உடனே அவன் முகத்துக்குப் போய்விடுகிறது,
அடித்த கை எப்படி நோகிறது என்று காட்ட.
அவள் கன்னம் படச்சுருளிலேயே இல்லை.

அறிமுக உரைக்கு இரண்டு பக்கம் எழுதிவைத்தேன்.
கூர்மையாகத்தான் இருந்தது.
எனக்கே பிடித்திருந்தது.

ஞாயிறு பின்னேரம் பிறேமினி வந்தாள்,
தமிழ் காதுக்குச் சரியாக விழுகிறதா என்று பார்த்துச் சொல்ல.
கடிகாரத் தொழிற்சாலையில்
இருபத்தாறு வருஷமாகத் தரை துடைக்கிறவள்.
உரையை வாசித்துக் காட்டினேன்.
எல்லாம் சரிதான் என்றாள்.
பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"தொண்ணூற்றொண்டிலை அகதி விடுதியிலை பார்த்தனாங்கள்.
பன்ரெண்டு பொம்பிளையள், ஒரு வீடியோ டெக்.
கொப்பியிலை பாதி கோடுதான்.
வக்கீல் கதைச்சது ஒண்டும் ஞாபகமில்லை.
அவள் பெட்டியைத் தூக்கினது ஞாபகம்.
அதுக்குப் பிறகு ஒரு மாசம்,
அவர் நித்திரையான பிறகு
நானும் என்ரை பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பன்,
எவ்வளவு பாரம் எண்டு."

போனீங்களா?

"இல்லை.
ஆனா பாரம் தெரியும்."

அவள் போன பிறகு உரையைத் திறந்தேன்.
ஒரு சொல்லும் பொய்யில்லை, எதை வெட்டுவது?
வெட்டாமலும் விட முடியவில்லை.
தேத்தண்ணீர் ஆறியது.
யூரா மலைப்பக்கம் பனிப்புகார் இறங்கி
எதிர்க் கட்டடத்தை எடுத்துக்கொண்டுபோனது.

இரவு, எழுநூற்று இரண்டாவது வரி.
அந்த வீட்டு வேலைக்காரி
படம் முழுக்கப் பேசுவது அது ஒன்றுதான்:
"அம்மா, பால் பொங்கி வழியுது."
பெயர்ப்பட்டியலில் அவளுக்குப் பெயரில்லை.
நாயகி மழையில் இறங்கிப் போன மறுநாள்
அந்த வீட்டுக்கு விடியும்,
அவனுக்குக் காப்பி வேண்டும்,
அடுப்படியில் நிற்கப்போவது யார் என்று
எந்தக் கேமராவும் திரும்பிப் பார்க்கவில்லை.
பெட்டி இல்லாதவள்
எதைத் தூக்கிப் பார்த்திருப்பாள்?

கதைக்கு அது தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று
ரெகுலா ஓரத்தில் குறித்திருந்தாள்.

நான் எடுக்கவில்லை.
அவள் பேசுவது இரண்டு நொடி.
ஆறு நொடி கொடுத்தேன்.
காட்சி மாறி, நாயகி கண்ணாடி முன் வந்து நின்ற பிறகும்
பால் வழிந்துகொண்டிருக்கிறது,
அவள் கழுத்துக்குக் கீழே,
இரண்டு மொழியில்.

விதிப்படி இது பிழை.
வெள்ளிக்கிழமை யாராவது கேட்டால்
பிழைதான் என்று சொல்வேன்.